ரிப்பன் சேமியாவும் என் பின்னலும்

எங்கள் வீட்டுக்கு அந்த மிஷின் வந்தது ஆடிப்பூரத்தன்றைக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் பார்த்துவிட்டு ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிக்க நடந்து வந்துகொண்டிருந்தோம். வழியில் ஒரு தெருவோரக் கடையில், ஒருவர் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற மாவு நாடா நாடாவாக இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா நின்றுவிட்டார். அவர் நூல் மில்லில் வேலை பார்த்தவர். உருளையும் பல்சக்கரமும் எங்கே சுற்றினாலும் அவருக்குக் கால் நகராது. "வெளிநாட்டுச் சேமியா மிஷின்" என்றார் கடைக்காரர். விலை சல்லிசாக இருந்ததால் அம்மாவும் தடுக்கவில்லை. பெட்டியின் அடியில் இந்தியில் ஏதோ எழுதியிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் அப்பா பார்த்தார்.

மறுநாள் அம்மா இடியாப்பத்துக்குப் பிசைகிற மாதிரி மாவைத் தளர்த்தியாகப் பிசைந்து உள்ளே விட்டாள். உருளைகள் மாவை வாங்கிக்கொண்டன, திருப்பித் தரவில்லை. அம்மா அதைச் சுரண்டி எடுத்து, தோசைக்கல்லில் தட்டி எங்களுக்கே போட்டுவிட்டு, மிஷினைப் பரணில் ஏற்றினாள்.

இறக்கியது அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் எங்களோடு இருந்தாள். பிளஸ் டூ முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் கோதுமை மாவில் உப்புப் போட்டுக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி ஊற வைத்தாள். அரிசிமாவு தூவி ஒரே துண்டை ஐந்தாறு தடவை உருளைக்குள் விட்டெடுத்ததும் அது துணி மாதிரி மெல்லிசாக வந்தது. பிறகு வெட்டுகிற பக்கம் கொடுத்தாள். நான் கைப்பிடியைச் சுற்ற, அவள் இரண்டு கையாலும் ஏந்தி, நாற்காலி முதுகில் விரித்திருந்த வெள்ளைத்துணியில் தொங்கவிட்டாள். வேகவைத்து வடித்து, வெங்காயமும் தக்காளியும் வதக்கிக் கிளறினாள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரப் பிள்ளைகள் தட்டோடு வந்து நின்றார்கள். அதற்கு ரிப்பன் சேமியா என்று நாங்களே பேர் வைத்தோம். அந்த ஆடி முடிகிறவரை வாரம் இரண்டு தடவை அதுதான்.

ஆவணி பிறந்ததும் அத்தையைப் பெண் பார்க்க வத்திராயிருப்பிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பெரிய தென்னந்தோப்புக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் தொடங்குவதால் மூன்றரைக்கே வந்து பார்த்துவிடுவதாக ஏற்பாடு. அப்பா இரண்டு நாளாகச் சுவருக்கு வெள்ளையடித்தார். அம்மா, ரிப்பன் சேமியாவில் பாயசம் வைக்க வேண்டும் என்றாள். "பொண்ணு கையால செஞ்சதுன்னு நான் சொல்லும்போது அது பொய்யா இருக்கக் கூடாதுல்ல" என்று காரணமும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அத்தை பட்டுச்சேலையில் மாவு படாமல் துண்டைக் கட்டிக்கொண்டு, அடுப்படிப் பெஞ்சில் மிஷினை முடுக்கினாள். நான் பாவாடையைச் செருகிக்கொண்டு சுற்றத் தொடங்கினேன்.

இந்த இடத்தில் என் தலைமுடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது ஒன்பது வயது. பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். நவராத்திரிக்குப் பள்ளிக்கூடத்தில் நான்தான் ஆண்டாள். சவுரி வைக்காமலே கொண்டை போட முடியும் என்பதற்காகத்தான் டீச்சர் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார். நடிப்புக்கு வேறு பிள்ளைகள் இருந்தார்கள்.

மாவு உள்ளே போவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே சுற்றினேன். பின்னல் தோளிலிருந்து நழுவி முன்னால் விழுந்தது. ஏதோ இழுக்கிறதே என்று நான் உணர்ந்தபோது, கை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டிருந்தது. என் அலறலைக் கேட்டு அம்மா ஓடி வந்தாள். வாசலில் வாடகைக் கார் நிற்கிற சத்தமும் அப்போதே கேட்டது.

அம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கத்திரியை எடுத்தாள்.

"மதினி, அத உள்ள வைங்க" என்றாள் அத்தை. "பிள்ளைக்கு வேசம் இருக்கு. நான் எடுத்துருதேன்."

"அவிய வந்துட்டாக. நீ போய் முகத்தக் கழுவு."

"செத்த நேரந்தான். நீங்க காப்பியக் குடுங்க."

அத்தை பெஞ்சிலேயே உட்கார்ந்து என் தலையைச் சாய்த்து மடியில் வைத்துக்கொண்டாள். என் முகம் சுவர்ப்பக்கம் இருந்தது. தேங்காய் எண்ணெயை உருளைமேல் விட்டு விரலால் தடவித் தடவி முடியைப் பிரித்தாள். கூடத்தில் காப்பி டம்ளர்களின் ஓசையும், மாப்பிள்ளையின் அம்மா விசாரிப்பதும் கேட்டன. "முடிதான, வெட்டுனா வளந்துட்டுப் போகுது" என்று அந்த அம்மா சொன்னார். அது நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அப்பா ஒரு தடவை அடுப்படி வாசலுக்கு வந்தார். "நான் பாக்கட்டா?"

"நீங்க தொட்டா இன்னும் இறுகிரும்ண்ணே. அவிய கூட உக்காருங்க."

அப்பா போய்விட்டார். அம்மா வந்து, "வலிக்குதாட்டி?" என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன், "வலிக்காம இருக்குமா மதினி" என்றாள் அத்தை. யோசித்துப் பார்த்தால் எனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. அத்தையே சொல்லும்போது வலிக்கத்தான் செய்யும் என்று இன்னும் கொஞ்சம் முனகினேன். அவள் நிமிர்ந்து நிமிர்ந்து கூடத்துக் கடிகாரத்தைப் பார்ப்பது மடி அசைவதிலேயே எனக்குத் தெரிந்தது. பாவம், என்னால் நேரம் போகிறதே என்று தவிக்கிறாள் என நினைத்துக்கொண்டேன். "அத்தை, வெட்டிருங்க. நீங்க போங்க" என்றுகூடச் சொன்னேன். "பேசாமப் படு" என்றாள்.

நாலரை அடித்தது. கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. ராகுகாலத்தில் பெண் பார்ப்பதில்லை, இன்னொரு நாள் வருகிறோம் என்றார்கள். அந்த இன்னொரு நாள் வரவில்லை. சகுனம் சரியில்லை என்று தரகர் பிறகு சொன்னதாக அம்மா சொன்னாள். கார் போன கொஞ்ச நேரத்தில் பின்னல் முழுசாக வெளியே வந்தது, ஒரு முடிகூட அறாமல். வைக்காத பாயசத்தை இரவில் வைத்துக் குடித்தோம். அப்பா தலை நிமிரவே இல்லை.

நவராத்திரிக்கு என் சொந்த முடியில் கொண்டை போட்டு ஆண்டாளாக நின்றேன். முன்வரிசையில் அத்தை இருந்தாள். எனக்காக ஒரு நல்ல சம்பந்தத்தையே விட்டவள் என்று அன்று தொட்டு அவள்மேல் எனக்கு இருந்த நன்றிக்கு அளவே இல்லை. அப்பாவுக்கும் அப்படித்தான். ஆசிரியர் பயிற்சிக்கு ஏற்கெனவே இடம் கிடைத்து, கல்யாணம்தான் முக்கியம் என்று அவர் ஒதுக்கி வைத்திருந்த கடிதத்தை, தரகர் கைவிரித்த அடுத்த வாரம் அவரே எடுத்துக் கொடுத்து அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மகள் முடியைக் காப்பாற்றியவள் கேட்டதை அவரால் மறுக்க முடியவில்லை. அத்தை பின்னாளில் சுந்தரபாண்டியத்தில் டீச்சரானாள். கூட வேலை பார்த்த வாத்தியாரையே கட்டிக்கொண்டாள்.

பல வருஷம் கழித்து, என் மகளுக்காக அதே மாதிரி ஒரு மிஷின் வாங்கினேன். பக்கவாட்டில் ஒரு திருகு இருந்தது. அதைத் திருப்பினால் இரண்டு உருளைகளும் விலகி நிற்கும், நடுவில் என்ன மாட்டினாலும் கையோடு வந்துவிடும். கைப்பிடியை நிறுத்திவிட்டு அத்தைக்குப் போன் செய்தேன்.

"நம்ம மிஷின்லயும் அந்தத் திருகு இருந்துச்சாத்தை?"

"இருந்துச்சு" என்றாள். பிறகு சொன்னாள்: "பத்து நிமிசத்துல முடி வந்துருச்சு. பொறவு சும்மாத்தான் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வலிக்கலன்னு நீ சொல்லிருவியோன்னுதான் எனக்கு ஒரே பயம்."

எனக்கு வலிக்கவே இல்லை. அவள் கைப்பக்குவம் அப்படி என்று நினைத்து, அந்த மடியில் ஆடாமல் அசையாமல் படுத்திருந்தேன்.