லாரியில் ஏறிப் பார்த்த டாக்டர்

போன வாரம் ஒரு காலையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தபோது திருநின்றவூரிலிருந்து டாக்டர் அருளப்பனின் மகள் கூப்பிட்டார். “அப்பா தூக்கத்திலேயே போயிட்டாரு சிஸ்டர்.” கும்மிடிப்பூண்டியில் எங்கள் சிறிய மருத்துவமனையில் அவருக்காகக் காத்திருந்தவர்களிடம் நானே அதைச் சொன்னேன். வெகு நேரம் யாரும் எழுந்து போகவில்லை.

சிறுநீரியல் மருத்துவரான அவரிடம் நான் பல ஆண்டுகள் செவிலியாக இருந்தேன். இன்றும் என்னை வியக்கவைக்கும் ஒரு நாளை, இந்த நினைவுக் கூட்டத்தில், அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன்.

எளாவூர் முனுசாமி லாரி ஓட்டுநர். சர்க்கரை நோயால் நரம்பு மரத்து, சிறுநீர் வெளியேறாமல் தேங்கியது. சிறுநீரகங்கள் வீங்கத் தொடங்கியிருந்தன. முன்பு பார்த்த இடத்தில், நிரந்தரமாக டியூப் போட்டுக் காலில் பை கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

“அத்த மாட்டிக்கினு எப்டி சார் வண்டி ஓட்றது? ஸ்டியரிங்க வுட்டா எனக்கு வேற இன்னா தெரியும்?”

“வண்டி எங்க நிக்குது?” என்றார் டாக்டர்.

சர்வீஸ் ரோட்டில் நின்ற லாரியில், எழுபதை நெருங்கிய டாக்டர் கைப்பிடியைப் பற்றி ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். தண்ணீர் எங்கே வைப்பீங்க, எங்கெல்லாம் நிறுத்துவீங்க, கை கழுவ இடம் இருக்குமா என்று நிதானமாகக் கேட்டார்.

“நிரந்தர டியூப் வேணாம். வண்டிய நிறுத்துற இடத்துல, நீங்களே மெல்லிசா ஒரு குழாயை வெச்சு சிறுநீரை எடுத்துடுங்க. உடனே குழாயையும் எடுத்துடலாம். கத்துத் தர்றோம்.”

“நானேவா சார்? பயமா கீது.”

“வண்டி ஓட்டக் கத்துக்கிட்டப்பவும் பயந்திருப்பீங்க.”

முதல் சில நாள்கள் முனுசாமிக்குக் குழாயைச் சரியாக வைக்க வரவில்லை. டாக்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். நாயுடுபேட்டை, நெல்லூர், ஓங்கோல் என்று முனுசாமியின் வண்டி நிற்கும் ஊர்களை வைத்தே நேரங்களையும் வகுத்துக் கொடுத்தார். “நம்ம கிட்ட அவர் கொஞ்ச நேரம்தான் இருக்காரு. வைத்தியம் ரோட்டுல நடக்கணும்” என்றார் என்னிடம். அடுத்த ஸ்கேன்களில் வீக்கம் வடிந்திருந்தது.

அடக்கத்துக்கு முனுசாமியால் வர முடியவில்லை. ஒடிசாவிலிருந்து போனில் பேசினார். “லோடு ஏத்திக்கினு வந்துகினே கீறேன் சிஸ்டர். அவராலதான் ஓட்டிக்கினு கீறேன்.”

டாக்டரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, மருந்துக்கு முன்னால் வேலையை விசாரிக்கும் பழக்கம். நேற்று, தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிறது என்று வந்தார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்ல வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டு கேட்டேன்: “வேலைக்கு நடுவுல பாத்ரூம் போக விடுறாங்களாம்மா?”

அவர் மடியிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.