வெரோனிகா வைத்த பெயர்கள்

கம்ப்யூட்டர் வேலையில் நாற்பதைத் தாண்டினாலே வயசாகிவிட்டதாம். செஞ்சிக் கடைத்தெருவில் மளிகைக்கடை உத்திராபதி பல்லெல்லாம் கொட்டிய பிறகும் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை; அவரைப் போகச் சொல்ல யாருக்குத் தைரியம்? இந்த அநியாயத்தைப் பற்றித்தான் வெரோனிகா பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள்.

அவளும் அந்த வேலையிலிருந்து துரத்தப்பட்டவள்தான். அதே வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் கணவன் பெலிக்ஸோடு சென்னையைக் காலி செய்துவிட்டு சொந்த ஊரான செஞ்சிக்கே வந்துவிட்டாள். ராஜகிரி மலையைப் பார்த்த அறை அவனுக்கு, கூடம் இவளுக்கு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் பேட்டி எடுக்க உட்காருவாள். வேலை போனவர்கள் போனில் மனசைக் கொட்டுவார்கள். ஒரே நிபந்தனை, பெயர் வெளியே வரக்கூடாது. அதனால் ஆளுக்கொரு புனிதரின் பெயரை வைப்பாள். ஞானஸ்நானம் கொடுக்கிற சாமியார் ஆகிவிட்டாய் என்று பெலிக்ஸ் கேலி செய்வான்.

எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். முதலில் மீட்டிங்குக்குக் கூப்பிடுவது குறையும், பிறகு போன் அடிக்காது, அப்புறம் ஒருநாள் வேலையே இருக்காது. பெலிக்ஸுக்கு நாற்பத்தாறு. கொஞ்ச நாளாக அவன் அறையில் பேச்சுச் சத்தமே இல்லை. ஊர் பேர் தெரியாதவர்களையெல்லாம் துருவித் துருவிக் கேட்பவளுக்குக் கட்டின புருஷனைக் கேட்க நாக்கு எழவில்லை. கேட்டால் உண்மையாகிவிடுமோ என்று பயம்.

மார்கழியில் ஒரு காலை, அறைக்குள் அவன் இங்கிலீஷில் கணீரென்று பேசுவது கேட்டது. எதிர்முனையில் இருப்பவர் பேச இடைவெளி விட்டான், பதில் சொன்னான், சிரித்தான். அப்பாடா என்று அவளுக்கு உயிர் வந்தது. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக வேண்டிக்கொண்டு தோசைக்கல்லை அடுப்பில் போட்டாள்.

அப்போது கரண்ட் போனது. இன்வர்ட்டரோ ரிப்பேருக்குப் போயிருந்தது. கூடத்தில் நெட் பெட்டியின் விளக்கும் அணைந்துவிட்டது. அவன் போன் அடுப்படியில் அவள் பக்கத்திலேயே கிடந்தது. பெலிக்ஸ் மட்டும் பேசிக்கொண்டே இருந்தான்.

அடுப்பை அணைத்துவிட்டு, அவன் போனை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். அவளையும் அவள் கையிலிருந்த தன் போனையும் பார்த்தவன், ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"போன மாசமே முடிஞ்சிட்டுது, வெரோ. உன்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியல."

பிறகு, சிரிக்கப் பார்த்து, முடியாமல் கேட்டான்.

"எனக்கு இன்னா பேரு வெக்கப்போற?"