சேலைக்குப் பதில் ஒரு நாற்காலி

தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டிய ஈயத் தாளும் பழைய தேயிலைத் தூளும் கலந்த ஒரு வாசனை உண்டு. பிறகு எத்தனையோ வீடுகளில் குடியிருந்துவிட்டேன், அந்த வாசனை எங்கள் 'காம்பரா'வைத் தவிர வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. வட்டவளைக்கு மேலே, ரயில் கூவுவது கேட்குமே தவிர ரயில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தேயிலைத் தோட்டத்தில், நீளமான ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்த லயத்து அறைகளில் ஒன்றுதான் எங்கள் காம்பரா. அதுவரை பெரியப்பா குடும்பத்தோடு ஒரே அறையில், நடுவே சாக்குப் படுதா கட்டி, இந்தப் பக்கம் நாங்கள் தும்மினால் அந்தப் பக்கம் அவர்கள் திட்டும்படி இருந்த எங்களுக்கு, எனக்கு எட்டு வயதாகும்போது தனிக் காம்பரா கிடைத்தது. கிடைத்தது நான்கு சுவரும் ஓர் அடுப்பும்தான். மற்றதையெல்லாம் அம்மா சேர்த்தாள்.

தேயிலை அடைத்து அனுப்பும் பெட்டிகளில் ஒடிந்தது, விரிந்தது என்று ஆலையில் கழித்துப் போட்டவற்றை, பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வரும் வழியில் ஒவ்வொன்றாகத் தலையில் வைத்துக் கொண்டுவந்துவிடுவாள். அரிசிக்கு ஒரு பெட்டி, துணிக்கு ஒரு பெட்டி, தம்பியைப் படுக்கவைக்க ஒரு பெட்டி, சாமி படத்துக்குக் கவிழ்த்துப்போட்ட ஒரு பெட்டி. கவிழ்த்த பெட்டியில் தோட்டத்தின் பெயர் இங்கிலீஷில் தலைகீழாக இருக்கும். அதைப் பார்த்தே எழுத்துப் பழகிய நான், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷை அப்படியே தலைகீழாக எழுதிக் காட்டி வாத்தியாரைத் திகைக்கவைத்தேன். சுவருக்குத் துரை பங்களாவில் கழித்த பத்திரிகைத் தாள்களை மாப்பசை தடவி ஒட்டினோம். தொப்பி வைத்த வெள்ளைக்காரச் சீமாட்டிகள் எங்கள் அடுப்புப் புகையில் கறுத்து, கொஞ்ச நாளில் எங்கள் ஊர்க்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். விளக்கு ஜாம் போத்தலில் எரிந்தது. எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் முதலில் எங்களுக்கென்று செய்யப்பட்டதில்லை, அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. அம்மாவுக்கு அதில் பெருமைதான். "கடையில இருக்குறத வாங்கிட்டு வர யாராலதான் முடியாது?" என்பாள்.

ஆனால் அவளால் சேர்க்க முடியாத ஒன்று இருந்தது. அப்பா உட்காருவதற்கு ஓர் இடம்.

அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் கழிக்கிற வேலை. ஒரு மழைநாளில் வழுக்கி வடிகால் கானுக்குள் விழுந்ததில் வலது முழங்கால் போய்விட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கட்டு அவிழ்த்தபோது கால் நேராக நின்றது, நேராகவே இருந்துவிட்டது. மடங்கவே இல்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்தார்கள். நடப்பார், நிற்பார், ஆனால் தரையில் உட்கார அவரால் முடியாது. எல்லோரும் தரையில் உட்கார்ந்து வாழ்கிற லயத்தில் அது எப்படிப்பட்ட கஷ்டம் என்பது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். பெட்டிமேல் உட்கார்ந்து பார்த்தார். சில நாளிலேயே பலகை உடைந்து அப்பா பெட்டிக்குள் போய்விட்டார், நாங்கள் இழுத்து எடுத்தோம். விறகுக்கட்டையில் உட்கார்ந்தால் நீட்டிய கால் அந்தரத்தில் நின்று இடுப்பு கழன்று போகிறதென்றார். கடைசியில் தட்டைக் கையில் ஏந்தி, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டே சாப்பிடப் பழகிவிட்டார். "உங்கப்பா குதிரையா, நின்னுக்கிட்டே திங்கிறாரு?" என்று பெரியப்பா மகன் கேட்டபோது நான் அவனைக் கடித்துவிட்டேன். அம்மா என்னை அடிக்கவில்லை. அப்பா உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்காமல் இந்தக் காம்பரா வீடாகாது என்று அவள் மனதுக்குள் முடிவுகட்டியிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நாற்காலி வாங்குவதோ நடக்காத காரியம். அட்டன் நகரத்துக் கடைகளில் புதிதாக விற்கும் நாற்காலியை எங்களைப் போன்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடியும். காசு இருந்தாலும் லயத்தில் நாற்காலி போடுவதை யாரும் ஒப்பமாட்டார்கள். துரைக்கு நாற்காலி, கிளாக்கருக்கு நாற்காலி, கணக்கப்பிள்ளைக்கு நாற்காலி. வேலைக்காரனுக்கு நிற்பதும் தரையும்தான். அப்படி எங்கும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருஷங்கள் கழித்து, வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறத் தொடங்கியிருந்த காலம். எங்கள் துரையும் ஊருக்குப் போகிறார் என்று பேச்சு அடிபட்டது. தீபாவளிக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் 'பெரட்டு'க் களத்தில் பங்களாத் தோட்டக்காரர் ஒரு செய்தி சொன்னார். "ஞாயித்துக்கெழம பங்களாவுல சேலு." அது வாய் மாறி வாய் மாறி மலை ஏறிக் கொழுந்தெடுக்கும் பெண்களிடம் வந்து சேர்ந்தபோது "ஞாயித்துக்கெழம பங்களாவுல சேல" என்று ஆகியிருந்தது. ஊருக்குப் போகிற துரைசானி பெண்களுக்கெல்லாம் மலிவு விலையில் சேலை தரப்போகிறாள் என்று பக்கத்துக் காம்பரா செல்லம்மா அத்தை அதற்கு வாலும் தலையும் வைத்து அழகாக முடித்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லயமே குளித்துத் தலைசீவிப் புறப்பட்டது. தீபாவளிச் சேலைக்கென்று முந்தானையில் முடிந்து வைத்திருந்த காசோடு அம்மா முன்னால் போனாள், நான் பின்னால் ஓடினேன். பங்களாவின் பின்வாசலில் நுழைந்து பார்த்தால் புல்வெளி முழுக்கக் கட்டிலும் அலுமாரியும் பீங்கானும், கொம்போடு ஒரு மானின் தலையும். நகரத்து முதலாளிமார் அவற்றைத் தட்டிப் பார்த்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். சேலை என்று ஒரு முழத் துணிகூட இல்லை. பங்களாச் சமையல்காரரை நாங்கள் 'அப்பு' என்போம். அவரிடம் செல்லம்மா அத்தை போய், "சேல எங்கிட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடியேய், சேல இல்ல, சேலு! தொரை சாமானெல்லாம் வித்துட்டுப் போறாரு!"

பெண்கள் தோட்டக்காரரின் வம்சத்தையே திட்டிக்கொண்டு இறங்கினார்கள். அம்மா மட்டும் இறங்கவில்லை. கார் நிறுத்தும் கொட்டகையில், விற்காது என்று ஒதுக்கிப் போட்டிருந்த குவியலுக்கு நடுவே ஒரு சாய்வு நாற்காலியை அவள் பார்த்துவிட்டாள். கறுத்த மரம், உறுதியான கால்கள், உட்காரும் இடத்துப் பிரம்பு முழுக்கக் கிழிந்து தொங்கியது. கைப்பிடி இரண்டும் நீளமாக இருந்தன. அவற்றின் அடியிலிருந்து பக்கத்துக்கொரு பலகை சுழன்று வெளியே நீண்டது. மலை சுற்றிவிட்டு வரும் துரைமார் அந்தப் பலகைகள்மேல் கால்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சாய்ந்திருப்பார்களாம். அம்மா பலகையை இழுத்தாள், நீண்டது. தள்ளினாள், உள்ளே போனது. மறுபடியும் இழுத்து அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"மடங்காத காலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

"அது அடுப்புக்குன்னு வச்சிருக்கு" என்றார் அப்பு. அம்மா முடிச்சை அவிழ்த்துச் சேலைக் காசு முழுவதையும் அவர் கையில் வைத்தாள். அவருக்கே கூச்சமாகிவிட்டது போலிருக்கிறது, கிழிந்த பூப்போட்ட ஜன்னல் திரை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். பின்வாசலில் திரும்பி எட்டிப் பார்த்த செல்லம்மா அத்தை, "சேல வாங்க வந்த மதினி வெறகு வாங்கிட்டுப் போறாங்க பாருங்கடி!" என்று கூவினாள்.

நாற்காலியைத் தூக்கி வர ஆண்பிள்ளைகள் யாரும் இல்லை. அம்மா என்னை லயத்துக்கு ஓடவிட்டுக் கொழுந்துக்கூடைக் கயிற்றைக் கொண்டுவரச் சொன்னாள். கூடையைக் கட்டுவது போலவே நாற்காலியைக் கட்டி, கயிற்றைத் தலையில் மாட்டி, முதுகில் சுமந்துகொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினாள். கொழுந்துக்கூடை சுமந்த கழுத்துக்கு அது ஒரு பாரமா? கீழேயிருந்து பார்த்தவர்களுக்கு அம்மா தெரியவில்லையாம், பங்களாவிலிருந்து ஒரு நாற்காலி தானாக இறங்கி வந்துகொண்டிருந்ததாம். அந்த ஊர்வலத்தில் பின்னால் பூத்திரையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த என்னைவிடச் சந்தோஷமான ஆள் அன்றைக்கு அந்த மலையில் இல்லை.

லயத்துக்கு வந்த பிறகுதான் வம்பு. நாற்காலி வாசலுக்குள் நுழையவில்லை. நிமிர்த்தியும் சரித்தும் கவிழ்த்தும் பார்த்தோம், நீளக் கைகள் நிலையில் இடித்தன. அந்த வாசலைக் கட்டியவர்கள் இப்படியொரு சாமான் உள்ளே போகும் என்று நினைத்திருக்கமாட்டார்கள். வேறு வழியின்றி அதை வெளியே, 'இஸ்தோப்பு' என்று நாங்கள் சொல்லும் முன்தாழ்வாரத்தில் போட்டோம். உள்ளே போயிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. இப்போது பாதையில் போகிற வருகிறவர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

உட்காரும் இடத்துக்குத் துணி வேண்டும். கொழுந்தெடுக்கும் பெண்கள் செடி கிழிக்காமலும் ஈரம் ஏறாமலும் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் முரட்டுச் சாக்குக்குப் 'படங்கு' என்று பெயர். அம்மா தன் பழைய படங்கு இரண்டை எடுத்து, நடுவே மழைக்குப் போர்த்திப் போர்த்தி நைந்த கம்பளியை வைத்து, கோணி ஊசியால் பின்னேரங்களில் தைத்து முடித்தாள். ஆனால் அப்பா உட்கார மறுத்தார். "கணக்கப்புள்ள ஐயா பாத்தா பேர வெட்டிருவாரு, வேணாம்" என்று சுவரோடு நின்றார். எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை பேர் வெட்டினால் அன்றைய கூலி இல்லை. அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. அம்மா தட்டில் ரொட்டியும் சம்பலும் வைத்து, தட்டை நாற்காலியின் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பசிக்கு யார் என்ன சொல்ல முடியும்? அப்பா மெதுவாக உட்கார்ந்தார். நான் பலகையை இழுத்துவிட்டேன், அவருடைய கால் அதன்மேல் போய் அமர்ந்தது. கைப்பிடிகளுக்குக் குறுக்கே ஒரு பெட்டிப் பலகையை வைத்து அதன்மேல் தட்டைத் தூக்கி வைத்தோம். அப்பா சாய்ந்து ஒரு நீண்ட மூச்சு விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கணக்கப்பிள்ளை அந்த வாரமே வந்தார். வேலைக்கு வராதவர்களை விசாரிக்க லயத்துப் பக்கம் வந்தவர், எங்கள் இஸ்தோப்பில் நின்றுவிட்டார். லயம் முழுக்க எழுந்து நின்றது. அப்பாவால் முடியவில்லை. கால் பலகைமேல் இருக்கிறது, மடியின் குறுக்கே தட்டோடு பலகை.

"என்னா ராமசாமி, நீ தொரை ஆயிட்டியா?"

அப்பா அவசரமாகப் பலகையைத் தூக்கப் போனார். அதற்குள் அம்மா வெளியே வந்து, "அவரு சாப்புட்டுக்கிட்டு இருக்காருங்க ஐயா" என்றாள்.

கணக்கப்பிள்ளை குனிந்து கைப்பிடியைத் தடவினார். மரம் அவருக்குப் பிடித்துவிட்டது. "இது லயத்துல கெடக்குற சாமானா? நாளைக்கி ஆள் அனுப்புறேன், என் குவாட்டர்ஸுக்குக் குடுத்துவிடு."

அம்மா மிகவும் பணிவாகத் தலையாட்டினாள். "தாராளமா எடுத்துக்கங்க ஐயா. ஒக்கார்ற எடத்துல நான் இடுப்புல கட்டுன படங்கத்தான் தச்சுப் போட்டிருக்கேன். கம்பளியும் என்னோடதுதான். ஐயாவுக்கு அது பரவாயில்லைன்னா சரிங்க."

சுட்டதுபோல் அவர் கையை எடுத்துக்கொண்டார். கொழுந்தெடுக்கும் பெண் இடுப்பில் கட்டிய சாக்கின்மேல் கணக்கப்பிள்ளை உட்காருவதா? உட்கார்ந்தார் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதுமே, தோட்டம் சிரித்தே அவரைக் கொன்றுவிடும். கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டே, மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள, "என்ன இருந்தாலும் இது தொரை ஒக்காந்த நாக்காலி. அந்தப் பயம் இருக்கணும்" என்றார்.

"தொரைதான் எந்திரிச்சிப் போயிட்டாருங்களே ஐயா" என்றாள் அம்மா.

கதவுக்குப் பின்னால் செல்லம்மா அத்தை சிரித்தது லயத்தின் அந்தக் கோடி வரை கேட்டது. கணக்கப்பிள்ளை விறுவிறுவென்று இறங்கிப் போனார். மறுநாள் அம்மாவை இருப்பதிலேயே செங்குத்தான, கொழுந்தே இல்லாத மலைக்கு அனுப்பினார். அவள் கூடையில் பாதிதான் நிறைந்தது. ஆனால் அவள் அன்று திரும்பி வந்த நடையைப் பார்த்தவர்கள் தோட்டத்துக்கே அவள்தான் துரைசானி என்று நினைத்திருப்பார்கள். அப்பா அன்றும் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

தீபாவளிக்குப் பூத்திரையில் எனக்குப் பாவாடை வந்தது, மிச்சம் வாசலுக்குத் திரையானது. "பாத்தியா, சேலுல சேலையும் கெடச்சிருச்சு" என்று செல்லம்மா அத்தை கேலி செய்தாலும், முதுகுவலி வந்த நாட்களில் அந்த நாற்காலியில் முதல் ஆளாக வந்து சாய்பவளும் அவள்தான். லயத்தில் யாராவது எதற்காவது தயங்கினால், "தொரை எந்திரிச்சுப் போயாச்சு, ஒக்காருப்பா" என்று சொல்லும் பழக்கமே வந்துவிட்டது.

இன்று அந்த லயம் இல்லை. தேயிலை காகிதச் சாக்குகளில் போகிறது, பெட்டி என்றால் இளசுகளுக்குத் தெரியாது. கொழுந்தெடுக்கிறவர்கள் இடுப்பில் ரப்பர் விரிப்பைக் கட்டுகிறார்கள், 'படங்கு' என்ற சொல்லையும் கேட்டு வெகுநாளாகிறது. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். நாற்காலி அட்டனில் என் வீட்டு முன்னறையில் இருக்கிறது. வீடு கட்டும்போது கொத்தனாரிடம் நான் சொன்ன ஒரே கட்டளை, வாசலை அகலமாக வை என்பதுதான்.

போன மாதம் கண்டியிலிருந்து பழஞ்சாமான் வியாபாரி ஒருவர் வந்தார். நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அந்த அழுக்குச் சாக்கைக் கழற்றிவிட்டுப் பிரம்பு பின்னினால் கொழும்பில் நல்ல விலைக்குப் போகும் என்றார். விற்பதற்கில்லை என்றேன். அவருக்கு விட்டுப்போக மனம் வரவில்லை, கிளம்பும்போது வாசலில் நின்று மறுபடியும் கேட்டார்.

"இது உண்மையாவே வெள்ளைக்காரத் தொரை ஒருத்தர் ஒக்காந்த நாக்காலிதானேங்க?"

"ஆமாங்க" என்றேன். "எங்கப்பாவுக்கு முந்தி, கொஞ்ச நாள் ஒக்காந்திருந்தாரு."