குறைஞ்சிருக்கு

மாட்டு ஆஸ்பத்திரியில் என் மனைவிக்கு வைத்திருக்கும் பெயர் டிக்டிக். அங்கே பரிசோதனைக்கூடத்தில் வேலை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, இடது கையில் எண்ணும் கருவியை அழுத்தியபடி ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களை எண்ணுவாள். ஒருமுறை போதாது, மூன்று முறை. வீட்டில் பூட்டிய கதவையும் மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். கதவு கையோடு வந்துவிடும் என்று நான் கத்துவேன். ஒன்றரை வருடமாகத்தான் இந்தப் பழக்கம். காரணம் எனக்கு மட்டும் தெரியும்.

முன்பு அவள் மனிதர்களுக்கான ஆஸ்பத்திரியில் இருந்தாள். அங்கே காய்ச்சல்காரருக்கு வெள்ளை அணு ஏறினால் கிருமி, இறங்கினால் குணம். மாட்டு ஆஸ்பத்திரிக்கு மாறிய மூன்றாம் வாரம் அவளுடைய அண்ணன் வளர்த்த கன்றுக்கு நிமோனியா. "குறைஞ்சிருக்கு அண்ணா, இனி பயமில்ல" என்று போனில் சொன்னாள். மச்சான் ஊசியை நிறுத்தினார். மறுநாள் கன்று செத்துப்போனது.

பிறகுதான் பெரிய டாக்டர் விளக்கினார். மாட்டின் எலும்புக்குள் வெள்ளை அணுக்களின் இருப்பு கொஞ்சம்தான். நுரையீரலில் கிருமி புகுந்தால், ரத்தத்தில் ஓடுகிறவை நுண்குழாய்ச் சுவரில் ஒட்டி, இடுக்கில் நுழைந்து, கும்பலாக அங்கே போய்விடும். ரத்தத்தில் ஆள் இல்லையென்றால் எல்லோரும் சண்டைக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதை அவள் அண்ணனிடம் சொல்லவில்லை. வாய் வரவில்லை. மச்சானோ பழியைத் தன் மனைவிமேல் போட்டார். தொழுவத்துச் சன்னலைச் சாத்த மறந்தாளாம், குளிர் அடித்ததாம். சன்னலுக்குப் பலகை வைத்து ஆணி அடித்தார். அந்தப் பலகையைக் கண்டாலே என் மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வரும். ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை, கூட்டுக் களவாணிதான்.

போன செவ்வாய்க்கிழமை அதே தொழுவத்தில் இன்னொரு கன்று. இரண்டு நாள் முன்பு பதினாலாயிரமாக இருந்த வெள்ளை அணு அன்று இரண்டாயிரம். நுரையீரலில் குழாய் விட்டு டாக்டர் எடுத்த நீரை அடுத்துப் பார்த்தாள். எள் போட்டால் எள் விழாது, அத்தனை வெள்ளை அணு. பாதி வெடித்துக் கிடந்தன. கிருமியின் விஷம் அவற்றை வெடிக்க வைக்கும். உள்ளே இருக்கும், கிருமியைக் கரைக்கும் திரவம் கொட்டி நுரையீரலையே அரிக்கும். காவலுக்கு வந்தவனே வீட்டைக் கொளுத்தும் கதை. கிருமிக்கு ஒரு ஊசி, வீக்கத்துக்கு ஒரு ஊசி, இரண்டும் தவறக்கூடாது.

மச்சான் போனை எடுக்கவில்லை. அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறந்தேன்.

தொழுவ வாசலில் மச்சான் சிரித்த முகமாக நின்றார். "வாங்க மாப்பிள்ளை. ஆஸ்பத்திரில கேட்டேன், ரெண்டாயிரம்தானாம். கம்பவுண்டரத் திருப்பி அனுப்பிட்டேன். பாவம், எத்தனை தடவைதான் குத்துறது?"

"அவரக் கூப்பிடு அண்ணா. இப்பவே."

"ஏம்மா, போன தடவை நீதானே சொன்ன, குறைஞ்சா நல்லதுன்னு?"

உள்ளே கன்று கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சை இழுத்தது. அதன் பக்கத்தில் மச்சானின் மனைவி வாளியோடு நின்றாள். இது வேறு மாதிரிக் காய்ச்சல் என்று என் மனைவி ஒரு பொய் சொன்னால் மச்சான் நம்புவார். அதைச் சொல்லிவிடேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவளுடைய இடது கட்டைவிரல் வெறும் காற்றை அழுத்திக்கொண்டிருந்தது.

"சொன்னேன். தப்பா சொன்னேன். மனுஷனுக்குச் சரி, மாட்டுக்கு அது ஆபத்து. என் பேச்சக் கேட்டுத்தான் நீ ஊசிய நிறுத்தின. அதனாலதான் அது செத்துச்சு."

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. போனை எடுத்தார். "கம்பவுண்டர் சார், திரும்பி வாங்க. ரெண்டு ஊசியும் போடணும்."

கம்பவுண்டர் வந்து போட்டார். போகும்போது தொழுவத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "இப்படி அடைச்சு வெச்சா நல்ல கன்னுக்குட்டிக்கே நோவு வரும். காத்து வேணும்."

வெள்ளிக்கிழமை எட்டாயிரம். கன்று பிழைத்தது. மச்சான் என் மனைவியோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. அதுவும் நியாயம்தான்.

ஆனால் எனக்கு மறக்காதது அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம். கம்பவுண்டர் போனதும் மச்சானின் மனைவி வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்போ, சன்னலால இல்லையா?"

"இல்ல அண்ணி. என்னாலதான்."

அவள் என் மனைவியைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். அவர் சுத்தியலை எடுத்துவந்து ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். விழுந்தவற்றை என் மனைவி குனிந்து பொறுக்கினாள். ஒன்பது ஆணி. ஒரே தடவைதான் எண்ணினாள்.