கொட்டாஞ்சேனையில் ஒரு தெருவை மூடுவது

சிங்கப்பூரில் தெருவோரம் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிட்டால் போதும், யாரும் அதைத் தாண்ட மாட்டார்கள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாடாவைத் தூக்கி, குனிந்து வந்துவிடுகிறார்கள். வந்தவர்கள் போய்விடுவதும் இல்லை. பின்னால் வருபவருக்காக அதைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார்கள். அவ்வளவு மரியாதை!

விளையாட்டுப் போட்டிகளுக்கு விளம்பரதாரர் பிடித்து, நடத்தியும் கொடுக்கும் சிங்கப்பூர் நிறுவனத்தில் நான் வேலை செய்கிறேன். பாங்கொக், மணிலா என்று பல ஊர்த் தெருக்களை மூடிய கை இது. பிறந்து வளர்ந்த கொட்டாஞ்சேனையிலும் ஓர் ஓட்டப்போட்டி நடத்தவேண்டும் என்று மேலாளர் லிம்மை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். அவருடைய நிபந்தனை ஒன்றுதான். நேரடி ஒளிபரப்பில் ஓடுபவர்களுக்குக் குறுக்கே ஒருவரும் வரக்கூடாது. வந்தால் விளம்பரதாரர் விலகிவிடுவார், கொழும்புப் போட்டி இந்த ஆண்டோடு சரி.

இவ்வளவு தெரிந்த நான் போட்டியை ஞாயிறு காலையில் வைத்தேன். சிங்கப்பூரில் தெரு வெறிச்சோடிக் கிடக்கும் நேரம் அது. கொட்டாஞ்சேனையில் ஞானஸ்நானம் பெற்றவள் தேவாலயத்தின் ஞாயிறு பூசை நேரத்தை மறந்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

ஓட்டம் தொடங்கும்போது கோயிலுக்கு எதிர்ப்பக்கம் பெருங்கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்னால் நின்ற, முக்காடு போட்ட பெண்மணி நாடாவில் கைவைத்தார்.

"அன்ரி, றோட்டு மூடியிருக்கு."

"தெரியும் மகள். வாகனம் ஒண்டும் வராதுதானே, நல்லதாப் போச்சு. நாங்க பூசைக்குப் போறம்."

அதே நேரம் சிங்கப்பூரிலிருந்து இயர்போனில் லிம், "ரோடு குளோஸ்டா?" என்றார். "யெஸ்" என்றேன். லிம்முக்கு மூடிய தெரு என்றால் யாரும் கால்வைக்காத தெரு. அன்ரிக்கு அது நிம்மதியாக நடக்கக்கூடிய தெரு.

அப்போதுதான் திருவிழா ஞாபகம் வந்தது. சிறுமியாக இருந்த காலத்தில் புனிதரின் சுரூபம் தெருவைச் சுற்றிவரும்போது, நாங்கள் இருபுறமும் கயிறு பிடித்து நடப்போம். எவ்வளவு நெரிசலிலும் அந்தக் கயிற்றை ஒருவரும் தாண்டியதில்லை. நாடாவை மதிக்காத சனம் கயிற்றுக்குக் கட்டுப்படும்!

கோயில் இளைஞர் மன்றத்தாரைக் கூப்பிட்டுத் திருவிழாக் கயிறுகளை எடுத்துவரச் சொன்னேன். ஓட்டக்காரர்களில் ஒரு கூட்டம் கடந்ததும் இரண்டு கயிறுகளைத் தெருவுக்குக் குறுக்கே நீட்டி, நடுவே சனத்தை விட்டார்கள். அடுத்த கூட்டம் தலைகாட்டியதும் கயிறுகள் ஓரமாக மடங்கின. சனமும் அவற்றின் பின்னால் அப்படியே நின்றது. ஓடியவர்களுக்குக் குறுக்கே ஒருவர்கூட வரவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"நெக்ஸ்ட் இயர், கொழும்பு அகெய்ன்," என்றார் ஓட்டம் முடியும்வரை ஒளிபரப்பைப் பார்த்திருந்த லிம். "இந்த ரோப் சிஸ்டம் சிங்கப்பூரிலும் வைக்கலாமா?"

"அங்கே நாடாவே போதும்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

எல்லாரும் கோயிலுக்குள் போய்விட்டார்கள். அன்ரி மட்டும் கோயில் பக்கத்து நாடாவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"அன்ரி, பூசை தொடங்கிட்டுது."

"நீங்க வரயில்லையா மகள்?"

பரிசளிப்புக்கு விளம்பரதாரர் காத்திருந்தார். "வேலை இருக்கு அன்ரி," என்றேன்.

"அப்ப முடிச்சிட்டு வாங்க," என்று நாடாவை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனார். உள்ளே பாட்டு கேட்டது, காதில் லிம் கூப்பிட்டார். கையிலிருந்த நாடாவை விடவும் மனமில்லை, குனிந்து போகவும் முடியவில்லை. பின்னால் யாரோ வருகிறார்கள் என்பதுபோல் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன்.