சனிக்கிழமையே வைத்துக்கொள்ளலாம்

ஜெர்மன் படிக்கப் போன எனக்கு முதல் எதிரி இங்கிலீஷ்தான். ஆஸ்பத்திரி டூட்டி முடிந்த களைப்போடு ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி, சேலம் அஞ்சு ரோட்டில் வகுப்புக்குப் போய் உட்கார்ந்தால், தெரிந்த முகத்தோடு வந்து கழுத்தை அறுக்கும் வார்த்தைகள். கிஃப்ட் என்றால் அங்கே விஷம். பிரீஃப் என்றால் கடிதம். ஃபாஸ்ட் என்றால் வேகம் இல்லையாம், 'கிட்டத்தட்ட'வாம். பெகோமன் என்பதை 'பிகம்' என்று நம்பி, நான் ஜெர்மனியில் நர்ஸ் ஆகப்போகிறேன் என்பதற்குப் பதிலாக, எனக்கு ஒரு நர்ஸ் கிடைக்கப்போகிறார் என்று சொல்லிவைத்தேன். வகுப்பே சிரித்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த இங்கிலீஷுக்காகப் பள்ளிக்கூடத்தில் எத்தனை அடி வாங்கியிருக்கிறேன்.

எங்கள் டீச்சர், என்னைவிடச் சின்னப் பெண், இந்த வார்த்தைகளைப் பொய் நண்பர்கள் என்பார். ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரி எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. மொழித் தேர்வில் தேறினால்தான் விசா. அதனால் நாமக்கல் பள்ளிக்கூடம் பழக்கிய வழியில் அத்தனை பொய் நண்பர்களையும் உருப்போட்டேன். ஊசி போடும்போதுகூட உதடு முணுமுணுக்கும். என்ன மந்திரம் சொல்கிறேன் என்று ஒரு நோயாளி பயந்தே போனார்.

தேர்வு கோயம்புத்தூரில். பேச்சுத் தேர்வுக்கு இருவர் இருவராக உட்காரவைத்தார்கள். எனக்கு ஜோடி எங்கள் வகுப்புப் பெண்தான், பரமத்தி வேலூர்க்காரி. வேலையை விட்டுப் போகும் ஒருவருக்கு விருந்து வைக்க வேண்டும், இருவரும் ஜெர்மனில் பேசி முடிவு செய்யுங்கள் என்றார்கள். சனிக்கிழமை மாலை வைக்கலாம் என்றேன். சரி என்றாள். கேக் வாங்கலாம் என்றாள். நல்லது என்றேன். விருந்து முடிவாகிவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். மறுத்துப் பேசுங்கள், காரணம் கேளுங்கள், இழுபறிக்குப் பிறகு ஒத்துப்போங்கள், அதற்குத்தான் மார்க் என்று டீச்சர் வகுப்பில் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தார். ஆனால் சுமுகமாக முடிந்த பேச்சை எந்த முகத்தோடு கிளறுவது?

திரும்பும் பஸ்ஸில் அவள் மெதுவாக வாயைத் திறந்தாள்.

"ஞாயித்துக்கெழம வெக்கலாம்னு தோணுச்சுங்க்கா. உங்க பேச்ச எப்புடித் தட்டறதுன்னு உட்டுட்டேன்."

அவளைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லியிருந்தால் இருவரும் தப்பித்திருப்போம். கேக் எதற்கு, வேலையை விட்டுப் போகிறவருக்குச் சர்க்கரை இருந்தால் என்ன செய்வது என்று எனக்கும் தோன்றியது. நான் மட்டும் சொன்னேனா?

முடிவு வந்தது. எழுத்துத் தாளில் ஒரு பொய் நண்பனிடமும் நான் ஏமாறவில்லை. பேச்சில் இருவருமே ஃபெயில்.

மறுநாள், என்னை ஜெர்மனிக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருந்த ஏஜென்சி மேடம் போன் செய்தார். அந்த ஆஸ்பத்திரியில் என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம், அடுத்த பேட்ச் வரும்வரை நான் காத்திருக்க வேண்டுமாம். தோற்றாலும் இன்னொரு முறை எழுத அவகாசம் உண்டு என்று முன்பு வாக்குக் கொடுத்தவரே அவர்தான். அதைக் கேட்டே தீர வேண்டும் என்று நெஞ்சு கொதித்தது. எனக்கு இதில் சம்மதமில்லை என்பதற்கு ஜெர்மனில்கூட வாக்கியம் தயாராக இருந்தது.

"சரிங்களா?" என்றார்.

"சரிங்க மேடம்" என்றேன்.