கிடாரத்துக்கு ஈடாக வைத்த அடையாள அட்டை

யுத்தத்தின் கடைசி வருடங்களில், தவக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில், என் ஒரே மகன் ஜெரோமைப் பொலிஸ் பிடித்தது. அடுத்த நாள் பின்னேரம் வரை நான் எப்படி உயிரோடு இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. ஆண்டவர் என் செபத்தைக் கேட்டார். பிள்ளை வீட்டுக்கு வந்தான். இந்தச் சாட்சி எங்கள் செபக் குழுவில் ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. சொன்னது நான் இல்லை. அதனால்தான் இத்தனை வருடம் கழித்து நானே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன். வீட்டில் இருந்து பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறேன். கூச்சம் அதிகம். செபமாலையில் என் முறை வரும்போது பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் என் குரல் கேட்கும். கணவர் அப்போது கட்டாரில் வாகனம் ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் நானும் ஜெரோமும்தான்.

ஜெரோம் கம்பஸில் இரண்டாம் வருடம் படித்தான். அவனுக்கு நாலைந்து கூட்டாளிகள். அநேகமானோர் சிங்களப் பிள்ளைகள், வெளியூரிலிருந்து வந்து போர்டிங்கில் இருந்தவர்கள். மாதக் கடைசியில் கடைச் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் எங்கள் குசினிக்கு வந்துவிடுவார்கள். பருப்பு, சோயாமீட், பாதி முட்டைக்கோவா, இரண்டு முட்டை எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவார்கள். அதற்குப் பாணும் தேங்காய்ச் சம்பலும். நான் கூச்சத்தில் அறைக்குள் தையல் மெசினோடு இருந்துவிடுவேன். நுவன் என்றொரு பிள்ளை, குருநாகல் பக்கம், அவன் மட்டும் விடமாட்டான். ஜெரோமிடம் தமிழ் படித்து, அதை என்னிடம் வந்து சோதித்துப் பார்ப்பான்.

"ஆன்ட்டி, உங்க மிளகாய்த்தூள் கறிக்கா, இல்ல கள்ளனைப் பிடிச்சா கண்ணுல போடவா?"

"உன்னை ஆர் ரெண்டு கரண்டி போடச் சொன்னது?" என்று ஜெரோம் குசினியிலிருந்து கத்துவான்.

எனக்குச் சிரிப்பு வரும். காட்டிக்கொள்ள மாட்டேன்.

இவர்கள் சேர்ந்து நுகேகொடைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு மாதம் ஒருமுறை போய், அங்கேயே சமைத்துக் கொடுப்பார்கள். அதற்காகக் கம்பஸ் மண்டபத்தில் இசை நிகழ்ச்சி வைத்தார்கள். நுழைவுக்குக் காசு இல்லை. ஒரு பக்கெட் பருப்போ, ஒரு டின் மீனோ, சவர்க்காரமோ கொண்டுவந்தால் உள்ளே விடுவார்கள். நானும் ஒரு டின் மீனோடு போய்க் கடைசி வரிசையில் இருந்தேன். ஜெரோம் தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று பாடினான். முழு மண்டபமும் அவனோடு கை தட்டியது. தமிழ் ஆட்கள் நிறைந்த வெள்ளவத்தைக்குப் போய்வரக்கூட இரண்டு தரம் யோசிக்கும் காலம் அது. அந்த மேடையில் என் பிள்ளை யாருக்கும் பயப்படாமல் நின்றான். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அடுத்த நாள்தான் அந்தச் சனிக்கிழமை.

இல்லத்தில் பெரிய பாத்திரம் இல்லை. எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் சமையல் கிடாரம், கதிரை எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. வாடகையோடு ஒருவருடைய அடையாள அட்டையையும் வாங்கி மேசை லாச்சியில் வைத்துக்கொள்வார்கள். சாமான் திரும்பி வந்தால்தான் அட்டை கிடைக்கும். கொழும்பில் எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். நுவன்தான் முதலில் தன்னுடையதை எடுத்து மேசையில் வைத்திருக்கிறான். முதலாளி அதைத் திருப்பித் தள்ளிவிட்டார்.

"குருநாகலுக்கு வந்து நான் கிடாரம் தேடவா? இந்த ஊர் அட்ரஸ் உள்ள ஆளின்ர ஐசியைத் தாங்க."

ஜெரோம் தன்னுடையதைக் கொடுத்தான்.

நான் பல வருடம் யோசித்தது இந்த இடத்தைத்தான். அந்த நாளில் கொழும்பில் இருந்த தமிழ்ப் பிள்ளை குளிக்கப் போகும்போதுகூட அடையாள அட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் போவான். நானே அவனுக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். அவன் சொல் கேளாத பிள்ளை இல்லை. அந்தக் கூட்டாளிகளோடு இருந்து இருந்து அவனுக்கு அது வெறும் அட்டையாகிவிட்டது. கிடாரத்துக்கு ஈடாக வைக்கிற சாமான். அவ்வளவு சந்தோசமாக இருந்திருக்கிறான்.

நுவனும் மற்றவர்களும் மரக்கறி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். ஜெரோம் கிடாரங்களையும், நிகழ்ச்சியில் சேர்ந்த சாமான்களையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு தனியாகப் போனான். வழியில் சோதனைச் சாவடி. அடையாள அட்டை இல்லை. பெயர் தமிழ்ப் பெயர். பின்னால் இரண்டு மூட்டை அரிசி, பருப்பு, டின் மீன். அதோடு ஒரு பை நிறைய டோர்ச் பெட்டரி. பெட்டரி வடக்குக்குக் கொண்டுபோகத் தடை செய்த சாமான். கம்பஸ் அட்டையைக் காட்டியிருக்கிறான். அதை அவர்கள் பார்க்கவேயில்லை.

ஓட்டோக்காரரை விட்டுவிட்டார்கள். அவர் நேரே முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். நுவன் எனக்குப் போன் எடுத்தான்.

"ஆன்ட்டி, ஜெரோம் நுகேகொடைப் பொலிஸ்ல. திங்கக்கிழமை வேற இடத்துக்கு அனுப்புவாங்களாம். அங்க போனா வாறது கஷ்டம். ஐசி வேணும், வீட்டு ஆளும் வேணும். நான் கடை முதலாளியைத் தேடிப் போறன்."

அத்தோடு போன் நின்றது. மறுபடி எடுத்தால் மணி அடிக்கவில்லை. பெட்டரி முடிந்திருக்கும். அந்த நேரம் எனக்கு அப்படித் தோன்றவில்லை, பயந்து விலகிவிட்டான் என்றே தோன்றியது. சாப்பிட வருகிற பிள்ளை வேறு, பொலிஸ் வாசலில் நிற்கிற பிள்ளை வேறு என்று நினைத்தேன். அவன் தாய் விடமாட்டாள் என்றும் நினைத்தேன். கடைக்கு ஓடிப் பார்த்தேன். மூடிக் கிடந்தது. முதலாளி கேகாலைக்குப் போய்விட்டார், திங்கள்தான் வருவார் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள்.

என் சிங்களம் மீன்காரரோடு விலை பேசும் அளவுக்குத்தான். பொலிஸ் நிலையத்துக்குள் வாழ்க்கையில் கால் வைத்ததில்லை. தேடிப் போன ஆட்களையும் உள்ளே வைத்துக்கொண்ட கதைகள் ஊரில் நிறைய. எங்கள் செபக் குழுவில் சேவியர் சேர் இருந்தார். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சிங்களம் தண்ணீர் போலப் பேசுவார். அவர் வீட்டுக்கு ஓடினேன். கதவைப் பாதி திறந்து நின்று கேட்டார்.

"சேர், என்னோட ஒருக்கா வாங்கோ. நீங்க கதைக்க வேணாம். பக்கத்தில நின்டா போதும்."

அவர் நிலத்தைப் பார்த்தார். "தங்கச்சி, நான் வந்தா பிரச்சினை கூடும். நாங்கள் செபிக்கிறம். நீங்களும் செபியுங்கோ."

அவர் வீட்டில் வவுனியாவிலிருந்து வந்த கூடப்பிறந்தவரின் பிள்ளைகள் இரண்டு பேர், அப்போது கட்டாயமாக இருந்த பொலிஸ் பதிவு இல்லாமல் தங்கியிருந்தார்கள் என்று பிறகு அறிந்தேன். அவருக்கும் பயம் இருந்திருக்கிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். மறக்கவும் முடியவில்லை.

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் குழுவில் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். ஸ்டெல்லா அக்கா, அவதான் குழுத் தலைவி, என் தலையில் கை வைத்துச் சத்தமாகச் செபித்தார். அழுதார். நானும் அழுதேன். முடிந்ததும் கேட்டேன், "அக்கா, ஆராவது ஒரு ஆள் என்னோட வாறீங்களா?"

ஒருவருடைய மகளுக்குக் காய்ச்சல். ஒருவர் மத்தியானம் விருந்துக்குப் போக வேண்டும். ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்தார். "நீ போ பிள்ளை. நாங்கள் இஞ்ச முழங்காலில நிக்கிறம். மாதா உன்னோட வருவா."

எல்லோரும் போன பிறகு நான் மாதா சுரூபத்துக்கு முன்னால் தனியாக நின்றேன். அழகாகச் செபிக்க எனக்கு வராது. "ஆண்டவரே, ஒரே ஒரு ஆளை என்னோடு அனுப்பும்" என்று மட்டும் கேட்டேன். மகனை விடுவியும் என்றுகூடக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கோபத்தில்தான் கேட்டேன். பிறகு தனியாகப் பஸ் ஏறினேன்.

பொலிஸ் நிலைய வாசலில், காவல் நின்றவருக்கு முன்னால் மதிலோரம், நுவன் குந்தியிருந்தான். முதல் நாள் போட்ட அதே சேர்ட். தலையெல்லாம் புழுதி. பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வயதான சிங்கள அம்மா. முதியோர் இல்லத்து மேட்ரன்.

"எங்க ஆன்ட்டி இவ்வளவு நேரம்? வீட்டு ஆள் இல்லாம உள்ளுக்கு விட மாட்டாங்களாம்" என்றான். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். ஜெரோமின் அடையாள அட்டை. கேகாலைக்குப் பஸ் ஏறி, முதலாளியின் வீட்டைத் தேடிப் பிடித்து, அவரைக் கடைக்குக் கூட்டிவந்து லாச்சியைத் திறக்க வைத்திருக்கிறான்.

நான் கேட்ட ஆள் இவன்தான் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. நான் செபித்தபோது என் மனதில் இருந்த முகங்கள் எல்லாம் எங்கள் கோயில் முகங்கள்.

உள்ளே நடந்தது எல்லாம் சிங்களத்தில். எனக்குப் பாதி விளங்கியது. மீதியை நுவன் பிறகு சொன்னான். பொறுப்பதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைக் கேட்டார். நான் நுவனைப் பார்த்தேன். அதிகாரியும் அவனிடம் திரும்பித் தம்பியை அழைப்பது போல, "மல்லி, உனக்கு ஏன் இந்த வேலை? வீட்டில் தெரியுமா?" என்றார்.

"தெரியாது சேர். கிடாரத்துக்கு நானும் பொறுப்பு. அதையும் இங்கதான் வச்சிருக்கீங்க."

உண்மைதான். முற்றத்தில் ஒருவர் எங்கள் கிடாரத்தில் தண்ணீர் பிடித்து ஜீப் கழுவிக்கொண்டிருந்தார்.

அதிகாரிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டு பெட்டரிப் பையைத் தூக்கி மேசையில் போட்டார். "அரிசி சரி. பருப்பு சரி. இது யாருக்கு?"

மேட்ரன் எழுந்தார். "எனக்கு. நான்தான் இந்தப் பிள்ளைகளிடம் கேட்டேன். எங்கள் ஆட்கள் காலையில் ரேடியோவில் பிரித் ஓதுவதைக் கேட்பார்கள். பெட்டரி முடிந்து பிரித் இல்லாமல் கிடக்கிறார்கள். நேற்று இவர்கள் சமைக்க வருவார்கள் என்று நாங்கள் அடுப்பு மூட்டவில்லை. மத்தியானம் கிழவர்கள் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். அந்தப் பாவத்தை யார் தலையில் போடுவது மஹத்தயா?"

அதிகாரி பெட்டரிப் பையை ஓரமாகத் தள்ளினார். பிறகு மேட்ரன் சொன்னதை எழுதச் சொன்னார். மேட்ரன் கையெழுத்து வைத்தார். நுவன் வைத்தான். நான் தமிழில் வைத்தேன். பின்னேரம் ஜெரோமை வெளியே விட்டார்கள்.

என் பிள்ளை விடுதலையானது புத்த சமயத்து முதியவர்கள் காலையில் கேட்கும் பிரித்தால். என் ஆண்டவர் அந்த வழியால்தான் வந்தார். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

அடுத்த வாரம் செபக் கூட்டத்தில் ஸ்டெல்லா அக்கா ஒலிவாங்கியைப் பிடித்துச் சாட்சி சொன்னார். நாங்கள் முழங்காலில் நின்றோம், சிறைக் கதவு திறந்தது என்றார். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். நுவனின் பெயர் அதில் இல்லை. மேட்ரன் இல்லை. நான் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எழும்ப முடியவில்லை. சேவியர் சேர் பிறகு கனடாவுக்குப் போகும்வரை, திருப்பலியில் சமாதானம் சொல்லும் நேரம் தூர நின்று எனக்குக் கை கூப்புவார். நானும் கூப்புவேன்.

அந்தச் சாட்சியில் இன்னொன்றும் இல்லை. ஜெரோமுக்கு இடது காது கேட்காது. பொலிசில் ஒரே அடிதான் என்றான். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படிப்பை முடித்தான், வேலைக்குப் போனான், கலியாணம் கட்டினான். பாடுவதில்லை. தன் குரல் தனக்கே கோணலாகக் கேட்கிறதாம். நுவன் இப்போதும் நத்தார்ப் பண்டிகைக்கு வருவான். வந்தால் ஜெரோமின் வலது பக்கம் பார்த்துத்தான் உட்காருவான்.

என் வாழ்க்கையில் மாறியது ஒன்றுதான். ஆராவது என்னிடம் வந்து செபியுங்கோ என்று கேட்டால், எங்கே போக வேண்டும் என்று நான் கேட்கிறேன். வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருந்து படித்த மலைநாட்டுப் பிள்ளை ஒன்று டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தாய் வந்து சேரும்வரை கட்டிலடியில் நான்தான் இருந்தேன். அந்தப் பிள்ளையோடும் பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. கூச்சம் இன்னும் போகவில்லை. பக்கத்தில் இருக்கக் கதை தேவையில்லை.

சகோதரரே, கேளுங்கள். கோபத்தோடு என்றாலும் கேளுங்கள், அவர் கேட்கிறார். ஆனால் எந்த முகத்தில் பதில் வர வேண்டும் என்று நீங்கள் தீர்மானிக்காதீர்கள். ஆண்டவரே, என் பிள்ளையைத் திருப்பித் தந்தீர். அதற்கு நான் சாகும்வரை நன்றி சொல்வேன். அவனுடைய இடது காதைப் பற்றி மட்டும் நீரும் நானும் இன்னும் கதைத்து முடிக்கவில்லை.